பெயரிடாமல் பார்த்தல்: தனி மூலக்கூறைக் கண்ட வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

விஞ்ஞான வரலாற்றை நம்மவர்கள் எழுதும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். ஒன்று மேதைகளின் வரலாறு. ஒரு மனிதர், ஒரு கணம், ஒரு கண்டுபிடிப்பு. பாடப்புத்தகங்களிலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கம் இது. மற்றது தோமஸ் கூனின் 1962ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு வந்தது. விஞ்ஞானம் படிப்படியாக வளர்வதில்லை, ஒரு சிந்தனைச் சட்டகம் உடைந்து இன்னொன்று அதனிடத்தில் அமர்கிறது என்பது அதன் சாரம். எமது சஞ்சிகைகளில் அமைப்பியலும் பின்நவீனத்துவமும் பேசப்பட்ட காலத்தில் இது மேலும் தீவிரமான வடிவம் எடுத்தது. பெயரிடப்படாத எதுவும் பார்க்கப்படுவதில்லை, மொழியின் கூறுபோடலுக்கு முன்னால் பார்வை என்று ஒன்றில்லை என்றார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தச் சந்தேகத்தை வெறும் தர்க்கமாக வைக்காமல் ஒரு வரலாற்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு புரத மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். நமது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 64,000 டால்ற்றன் திணிவுடையது. ஒரு கிராமை இலட்சம் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஏறத்தாழ இந்தத் திணிவு. அதன் குறுக்களவு ஐந்து, ஆறு நனோமீற்றர். நாம் பார்க்கப் பயன்படுத்தும் பச்சை ஒளியின் அலைநீளம் அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. இத்தகைய ஒரு மூலக்கூறைச் சாயமேற்றாமல், உறைய வைக்காமல், வெற்றிடத்தில் வைத்து இலத்திரன்களால் தாக்காமல், சாதாரண நீரில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டே தனியாகக் காணலாம் என்பது 2014இல் நிறுவப்பட்டது. 2018இல் அவ்விதமே ஒவ்வொரு மூலக்கூறாக நிறுத்தும் பார்த்தார்கள்.

இதற்குத் தேவையான அடிப்படைப் பௌதிகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கையில் இருந்தது. புதிய விதி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. எந்தச் சட்டகமும் உடையவில்லை. அப்படியானால் ஏன் நூறு வருடங்களுக்கு மேல் எடுத்தது?

2

கதை ஜேர்மனியின் யேனா நகரில், ஸைஸ் நுணுக்குக்காட்டித் தொழிற்சாலையில் தொடங்குகிறது. அங்கே ஏர்ன்ஸ்ற் அபே 1873இல் ஓர் எல்லையை வகுத்தார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ அரைப்பங்குக்கும் கிட்டவாக உள்ள இரு புள்ளிகளை எந்த வில்லையாலும் பிரித்துக் காட்ட முடியாது. நடைமுறையில் இது ஏறத்தாழ 200 நனோமீற்றர். இந்த அபேதான் 1889இல் தொழிற்சாலையை ஒரு நிதியத்தின் உடைமையாக்கும் வேலையைத் தொடங்கியவர், 1900இல் அங்கே எட்டு மணிநேர வேலைநாளைக் கொண்டுவந்தவர். நம்மிடையே உள்ள பழைய இடதுசாரிகள் அவரை அந்த வகையிலும் நினைவில் வைத்திருக்கலாம்.

அபேயின் எல்லை சரியானது. அதை வாசித்த விதம்தான் தவறாகப் போனது. இரண்டைப் பிரித்தறிய முடியாது என்பதற்கும் ஒன்றைக் காண முடியாது என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. இரவு வானத்தின் நட்சத்திரம் எதனுடைய வட்டவடிவையும் நாம் காண்பதில்லை. ஆனால் நட்சத்திரத்தைக் காண்கிறோம். ஊரில் கிடுகுக் கூரையின் ஓட்டை வழியே இருண்ட அறைக்குள் வெயில் கீற்றாக விழும்போது, வெளியே நின்று பார்த்தால் தெரியாத தூசி அதற்குள் மினுங்கி அலைவதைப் பார்த்திருப்போம். தூசியின் உருவம் தெரிவதில்லை. அது அங்கே இருப்பது தெரிகிறது. இருண்ட பின்னணி, பக்கவாட்டு ஒளி: தேவை இவ்வளவே.

வியன்னாவில் பிறந்த றிச்சார்ட் ஸிக்மொண்டி இதைத்தான் கருவியாக்கினார். யேனாவின் ஷொற் கண்ணாடித் தொழிற்சாலையில் 1897 முதல் 1900 வரை பணிபுரிந்த அவருக்கு ஒரு பழைய புதிர் இருந்தது. மாணிக்கச் சிவப்புக் கண்ணாடிக்கு நிறம் தருவது தங்கம். ஆனால் அந்தத் தங்கம் எந்த வடிவில் இருக்கிறது? 1857இல் மைக்கேல் பரடே தங்கத்தின் சிவப்புக் கரைசல்களைப் பார்த்துவிட்டு, அது கரைந்த தங்கமல்ல, மிக நுண்ணிய தங்கத் துணிக்கைகள் என்று கருதியிருந்தார். துணிக்கைகளை அவர் காணவில்லை. ஸிக்மொண்டியும் ஸைஸ் நிறுவனத்தின் ஹென்றி ஸீடென்ரொப்பும் சேர்ந்து, பார்க்கும் திசைக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் கடும் ஒளியைச் செலுத்தி, சிதறி வரும் ஒளியை மட்டும் பார்க்கும் அமைப்பொன்றை உருவாக்கினார்கள். 1903இல் வெளியான கட்டுரையில், 10 நனோமீற்றருக்கும் குறைந்த தங்கத் துணிக்கைகள் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகத் தெரிவதாக அறிவித்தார்கள். இக்கருவிக்கு மீநுணுக்குக்காட்டி என்று பெயர்.

ஆக, அபே எல்லை வகுத்த அதே நகரில், அதே தொழிற்சாலையின் துணையோடு, முப்பது வருடங்களுக்குள் அந்த எல்லையைவிட இருபது மடங்கு சிறிய பொருள் காணப்பட்டுவிட்டது. அபேயை எவரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியும் இருக்கவில்லை.

பிறகு ஏன் புரதம் தெரியவில்லை? அதற்கான விடை 1871இலேயே ரேலி பிரபுவின் கணக்கில் இருந்தது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஒரு துணிக்கை சிதறவிடும் ஒளியின் செறிவு, அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. விட்டம் பத்திலொன்றானால் ஒளி பத்து இலட்சத்தில் ஒன்றாகிவிடும். தங்கம் ஓர் உலோகம், ஒளியின் மின்புலத்துக்குக் கடுமையாக ஆடிக்கொடுப்பது. புரதமோ நீரிலிருந்து முறிவுச் சுட்டியில் சிறிதளவே வேறுபடுகிறது. மீநுணுக்குக்காட்டியில் புரதக் கரைசலை வைத்தால் ஒரு மங்கலான புகார்தான் தெரிந்தது. தனிப் புள்ளிகள் இல்லை.

3

இக்கருவி வந்த காலம் முக்கியமானது. அணு என்று ஒன்று உண்மையில் உண்டா, அல்லது அது கணக்குப் போடுவதற்கு வசதியான கற்பனை மட்டுமா என்பது அன்றைய பெரும் விவாதம். வியன்னாவில் ஏர்ன்ஸ்ற் மாஹ் அணுவை ஏற்க மறுத்தார். லைப்சிக்கில் வில்ஹெல்ம் ஒஸ்வால்ட் சக்தி மட்டும் போதும் என்றார். புலன்களுக்கு எட்டாததை இருப்பதாகச் சொல்வது விஞ்ஞானம் அல்ல என்பது மாஹ்வின் நிலைப்பாடு. லெனின் 1909இல் வெளியிட்ட தத்துவ நூல் இந்த மாஹ்வாதத்துக்கு எதிரானது என்பதை நம்மில் பலர் அறிவர். ஆனால் விவாதத்தை முடித்து வைத்தது தத்துவ நூலல்ல.

1905இல் ஐன்ஸ்ரைன், நீரில் மிதக்கும் நுண்துணிக்கையின் ஒழுங்கற்ற அசைவை, அதை எல்லாப் பக்கமும் இருந்து மோதும் மூலக்கூறுகளின் விளைவாகக் கணித்துக் காட்டினார். பரிசில் ஜான் பெரன் 1908 முதல் அதைப் பரிசோதித்து அளந்தார். அவர் பயன்படுத்திய துணிக்கைகள் கம்போஜ் என்ற மஞ்சள் பிசினிலிருந்து செய்யப்பட்டவை. அந்தப் பிசின் தரும் மரம், மீன்குழம்புக்கு நாம் போடும் கொறுக்காய்ப் புளியின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. பெரனின் அளவீடுகளுக்கு முன்னால் ஒஸ்வால்ட் தன் எதிர்ப்பைக் கைவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரன் மூலக்கூறைக் காணவில்லை. மூலக்கூறுகளால் தள்ளப்படும் பெரியதொரு மணியைக் கண்டார். காணமுடியாததை, காணக்கூடிய ஒன்றின் நடுக்கத்திலிருந்து அனுமானித்தார். பிறகு வந்த அடையாளமிடும் நுட்பங்கள் யாவற்றினதும் தர்க்கம் இதுவே.

1926இல் ஸ்ரொக்ஹோமில் நடந்தது இந்தக் கட்டத்தின் உச்சம். அந்த வருடம் பௌதிகப் பரிசு பெரனுக்கும், இரசாயனப் பரிசு உப்சாலாவின் தியோடோர் ஸ்வெட்பெர்க்குக்கும், முன்னைய வருடம் வழங்காமல் வைத்திருந்த 1925ஆம் ஆண்டின் இரசாயனப் பரிசு ஸிக்மொண்டிக்கும் வழங்கப்பட்டன. ஸ்வெட்பெர்க் மீநுணுக்குக்காட்டியில் தொடங்கியவர். பின்னர் மீவேக மையநீக்கியை அமைத்து, புரதங்கள் கண்டபடி திரண்ட களியல்ல, திட்டமான திணிவு கொண்ட மூலக்கூறுகள் என்பதற்குச் சான்று தந்தார். ஆனால் அவர் நிறுத்தது கோடானுகோடி மூலக்கூறுகளை ஒன்றாக. தனியொன்றை நிறுப்பதற்கு இன்னும் தொண்ணூறு வருடங்கள் இருந்தன.

பெரனின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1936இல் மக்கள் முன்னணி அரசில் விஞ்ஞான ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்து, பிரான்சின் தேசிய விஞ்ஞான ஆய்வு மையம் 1939இல் உருவாவதற்கு வழி செய்தவர் அவர். 1940இல் ஜேர்மன் படைகள் பிரான்சைக் கைப்பற்றியபோது அமெரிக்கா சென்றார். 1942இல் நியூயோர்க்கில் நாடு திரும்பாமலே இறந்தார். 1948இல் அவரது எச்சங்கள் பரிசின் பந்தெயோன் மண்டபத்தில் வைக்கப்பட்டன.

4

அடுத்த கட்டம் ஹொலண்டில். 1930களின் தொடக்கத்தில் குறொனிங்கனில் பிறிற்ஸ் ஸேர்னிக்கே ஒரு விடயத்தை உணர்ந்தார். நிறமற்ற ஒரு கலத்தின் ஊடாக ஒளி செல்லும்போது அதன் செறிவு மாறுவதில்லை. அலை சற்றுப் பிந்துகிறது, அவ்வளவுதான். கண்ணுக்கும் படத்தகட்டுக்கும் இந்தப் பிந்தல் தெரியாது. ஆனால் அந்தப் பிந்திய அலையைப் பிந்தாத இன்னொரு வலிய அலையோடு சேரவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று கூட்டியோ குறைத்தோ பிந்தலை வெளிச்சமாகவும் நிழலாகவும் மாற்றித் தரும்.

இந்நிகழ்வை இன்டர்பியரன்ஸ் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் தமிழிலே பௌதிகம் கற்ற என் போன்றவர்களுக்கு இது 'தலையீடு'. தமிழ்நாட்டில் 'குறுக்கீட்டு விளைவு' என்பார்கள். நான் தலையீடு என்ற சொல்லையே கையாள்கிறேன். 1987க்குப் பிறகு நமது அரசியல் பேச்சில் அச்சொல் எடுத்த பொருள் வேறு என்பது தெரியும். ஆனால் பௌதிகப் பொருளில் அது துல்லியமானது. ஓர் அலையின் காரியத்தில் இன்னோர் அலை தலையிடுகிறது.

ஸேர்னிக்கே 1932இல் தன் முறையை எடுத்துக்கொண்டு யேனாவின் ஸைஸ் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே உற்சாகம் இருக்கவில்லை. இதற்கு நடைமுறைப் பயன் இருந்திருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்ற தொனியில் ஒருவர் பதில் சொன்னதாக ஸேர்னிக்கே பின்னாளில் தமது நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். கருவி உற்பத்திக்கு வந்தது எப்போது என்றால், 1941இல் ஜேர்மன் இராணுவம் போருக்கு உதவக்கூடிய கண்டுபிடிப்புகளைக் கணக்கெடுத்த பிறகு. 1953இல் ஸேர்னிக்கேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே தொழிற்சாலை 1873இல் எல்லையை வகுக்கிறது, 1903இல் அதைச் சுற்றிப் போக உதவுகிறது, 1932இல் கதவைச் சாத்துகிறது. சட்டகம் என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்க முயல்வது சோம்பேறித்தனம். அங்கே நடந்ததில் வர்த்தகக் கணிப்பும் நிறுவனப் பெருமையும் போரின் தேவையும் இருந்தன.

5

இதற்கிடையில் மற்றப் பாதை திறந்துகொண்டது. 1941இல் அல்பேட் கூன்ஸ் பிறபொருளெதிரியில் ஒளிர்வுச் சாயத்தை ஒட்டினார். தேடும் பொருளில் மட்டும் சாயம் ஒட்டும். சாயத்தின் நிறத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் மற்றதெல்லாம் இருட்டு. 1962இல் ஒசாமு ஷிமோமுறா சொறிமுட்டை என்று நாம் சொல்லும் கடலுயிரி ஒன்றிலிருந்து ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். முப்பது வருடங்களின் பின் அதன் மரபணு படியெடுக்கப்பட்டு, 1994இல் வேறு உயிரிகளுக்குள் இயங்கிக் காட்டியது. உயிருள்ள கலத்துக்குள்ளேயே புரதங்களுக்கு விளக்குக் கட்டிவிடலாம் என்றாயிற்று. 2008இன் நோபல் பரிசு இதற்கு.

தனி மூலக்கூறும் இந்தப் பாதையிலேயே முதலில் கைக்கு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுச் சரியல்ல. 1989இல் கலிபோர்னியாவின் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் மேர்னரும் கடோரும் ஒரு பளிங்குக்குள் சிறைப்பட்ட தனி மூலக்கூறைத் திரவ ஹீலியத்தின் குளிரில் கண்டது, அது உமிழ்ந்த ஒளியால் அல்ல. அது உறிஞ்சிய ஒளியால். மறுவருடம் பிரான்சின் போர்தோவில் மிஷெல் ஒறிற்றும் பேர்னாரும் அதே வகை மூலக்கூறை அதன் ஒளிர்வால் கண்டார்கள். ஒளிர்வு வழி மிகச் சுலபமாக இருந்தது. எல்லோரும் அந்த வழியே போனார்கள்.

போனதில் பிழையில்லை. ஒளிர்வுச் சாயம் வென்றதற்குக் காரணம் சதியல்ல, இருட்டு. பின்னணியே இல்லாத இடத்தில் ஒரு சிறு பொறியும் தெரியும். 2014இன் நோபல் பரிசு, அபேயின் எல்லையையே இந்தச் சாயங்களைக் கொண்டு கடந்தவர்களுக்குச் சென்றது.

ஆனால் விலை உண்டு. சாய மூலக்கூறு குறிப்பிட்ட அளவு போட்டன்களை உமிழ்ந்த பின் நிரந்தரமாக அணைந்துவிடும். பச்சை ஒளிர்வுப் புரதம் 238 அமினோ அமிலங்களைக் கொண்டது, 27,000 டால்ற்றன். பல சந்தர்ப்பங்களில் அது ஒட்டப்படும் புரதத்தைவிடப் பெரிது. சிறுவனின் முதுகில் அவன் எடைக்கு மேலான மூட்டையை ஏற்றிவிட்டு அவன் நடக்கும் விதத்தை ஆராய்வது போன்றது இது. எல்லாவற்றிலும் முக்கியமானது, அடையாளமிட்டது மட்டுமே தெரியும். அடையாளமிடப்படாத துணை மூலக்கூறு ஒன்று வந்து சேர்ந்து, காரியத்தை மாற்றிவிட்டுப் போனாலும், படத்தில் அது இல்லை. அதாவது எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பெயரிடப்படாதது பார்க்கப்படுவதில்லை என்ற வாதம் இந்தப் பாதைக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஒரு பாதையின் இயல்பை எல்லாப் பார்வையினதும் இயல்பாகச் சொல்லிவிடுவதில்தான் தவறு நேர்கிறது. ஏனெனில் மற்றப் பாதை மூடப்படவே இல்லை. 1981இல் அமெரிக்காவில் றொபேட் அலனும் ஷின்யா இனுவேயும் தனித்தனியாக நுணுக்குக்காட்டியில் வீடியோக் கமெராவைப் பொருத்தி, மங்கலான படத்தின் பின்னணியை மின்னியல் முறையில் கழித்தார்கள். 25 நனோமீற்றர் தடிப்பே உள்ள நுண்குழாய்கள் சாயமின்றித் தெரிந்தன. கணவாயின் நரம்புச் சாற்றில் அக்குழாய்களின் மேல் எதுவோ சரக்கு இழுத்துப் போவதை அவ்விதம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், 1985இல் கைனீசின் என்ற இயங்குபுரதம் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அசைவைக் கண்டார்கள். பெயர் பிறகு வந்தது.

6

இனி இறுதிக் கட்டம். அதன் அடிப்படைக் கணக்கு எளிது.

கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு புரதம் அமர்ந்திருக்கிறது. கீழிருந்து லேசர் ஒளி வருகிறது. அதில் ஒரு சிறு பங்கு கண்ணாடிக்கும் நீருக்கும் இடையிலான எல்லையில் தெறித்துத் திரும்புகிறது. புரதமும் மிக மிகச் சிறிதளவு ஒளியைச் சிதறவிடுகிறது. ஸிக்மொண்டி தெறித்த ஒளியைத் தொல்லை என்று விலக்கினார். அதை விலக்காமல், சிதறிய அலையோடு சேர்ந்து கமெராவில் விழவிட்டால் என்ன ஆகும்? மூன்று பங்குகள் கிடைக்கும். தெறித்த ஒளியின் செறிவு ஒன்று. சிதறிய ஒளியின் செறிவு இரண்டு. இது விட்டத்தின் ஆறாம் அடுக்கு, ஆகவே ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். மூன்றாவது, இரண்டும் ஒன்றில் ஒன்று தலையிடுவதால் வருவது. இது விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கே ஏற்ப மாறுகிறது. துணிக்கை பத்திலொன்றாகச் சிறுத்தால், சிதறல் பத்து இலட்சத்தில் ஒன்றாகும்போது, தலையீடு ஆயிரத்தில் ஒன்றாகவே குறைகிறது.

பலமுள்ள அலையின் தோளில் பலமற்ற அலையை ஏற்றிவிடும் இந்த யோசனை பலருக்கும் வந்திருந்தது. 1964இல் ஏ. எஸ். ஜி. கேர்ற்றிஸ் தெறிப்பொளித் தலையீட்டைக் கொண்டு, கலங்கள் கண்ணாடியில் எவ்வளவு நெருக்கமாக ஒட்டுகின்றன என்று ஆராய்ந்தார். 1989இல், மேர்னர் தனி மூலக்கூறைக் கண்ட அதே வருடம், அதே ஐபிஎம் நிறுவனத்தின் வேறிரு ஆய்வாளர்கள் திரவத்திலுள்ள மிகச் சிறிய துணிக்கைகளைத் தலையீட்டால் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். 2004இல் சூரிச்சின் சமஷ்டித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வாஹிட் சந்தோக்தாரின் குழு 5 நனோமீற்றர் தங்கத் துணிக்கைகளை இவ்வழியில் கண்டது. தெஹ்ரானில் பிறந்து, அமெரிக்காவில் கற்று, சூரிச்சிலும் பின்னர் ஜேர்மனியின் ஏர்லாங்கனிலும் ஆய்வுகூடம் அமைத்தவர் அவர். 2007இல் அக்குழு அடையாளமிடாத தனி வைரசுகள் செயற்கை மென்சவ்வொன்றின் மீது நகர்வதைப் பின்தொடர்ந்தது. 2009இல் இம்முறைக்கு ஐஸ்கற் என்ற பெயர் வந்தது. அந்தக் கட்டுரையின் முதலாசிரியர் பிலிப் குக்குரா பின்னர் ஒக்ஸ்போர்ட்டில் தனிக் குழு அமைத்தார்.

புரதத்துக்குச் செல்வதில் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது ஒளியின் சொந்த இரைச்சல். ஒளி போட்டன்களாக வருகிறது, மழைத்துளி போல ஒழுங்கின்றி. நூறு போட்டன்களை எண்ணினால் பத்து கூடலாம், பத்து குறையலாம். பத்து இலட்சம் எண்ணினால் ஆயிரம் கூடிக் குறையும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. புரதம் ஏற்படுத்தும் மாற்றம் ஆயிரத்தில் சில பங்கு, பெரும்பாலும் அதைவிடவும் குறைவு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தை இரைச்சலுக்குச் சமமாக்கவே பத்துக் கோடிப் போட்டன்களை எண்ண வேண்டும். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அவ்வளவையும் நிரம்பி வழியாமல் எண்ணக்கூடிய வேகக் கமெராக்களும், அசையாத லேசர்களும், அத்தனை படங்களையும் சேமித்துக் கழித்துப் பார்க்கும் கணினிகளும் இருபத்தோராம் நூற்றாண்டில்தான் சாதாரண ஆய்வுகூடத்துக்கு வந்தன.

இரண்டாவது தடை கண்ணாடி. மிக நன்றாக மெருகேற்றிய கண்ணாடியிலும் நனோமீற்றர் அளவில் மேடுபள்ளம் உண்டு. அவற்றின் சமிக்ஞை புரதத்தின் சமிக்ஞையைவிடப் பெரிது. இதற்கு உபாயம், ஒரு கணத்துப் படத்தை அதற்குச் சற்று முன்னைய கணத்துப் படத்தால் வகுத்துவிடுவது. மாறாமல் இருந்ததெல்லாம் மறைந்துவிடும். புதிதாக வந்து அமர்ந்த மூலக்கூறு மட்டும் ஒரு கரும்புள்ளியாகத் தோன்றும். சற்று நேரத்தில் அதுவும் பின்னணியோடு பின்னணியாகிவிடும். இம்முறை காண்பது வந்து சேர்பவர்களையும் விட்டுப் போகிறவர்களையும் மட்டும். குடியேறி நிலைத்துவிட்டவர்கள் இதன் கண்ணுக்குப் படுவதில்லை.

2014இல் இரு குழுக்களும் தனித்தனியே வென்றன. ஒக்ஸ்போர்ட் குழு ஐந்து இலட்சம் டால்ற்றன் திணிவுள்ள மயோசின் 5 என்ற இயங்குபுரதத்தைச் சாயமின்றிக் கண்டு பின்தொடர்ந்தது. ஏர்லாங்கனில் பிலியாறிக்கும் சந்தோக்தாரும் அதைவிட மிகச் சிறிய புரதங்களை, ஏறத்தாழ 65,000 டால்ற்றன் வரை, ஒவ்வொன்றாகக் கண்டார்கள். பிறகு ஒக்ஸ்போர்ட் குழு, தெறித்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துச் சிதறிய ஒளியைப் பெருமளவு விடும் ஒரு சிறு மறைப்பை ஒளிப்பாதையில் வைத்துச் சமிக்ஞையைத் தெளிவாக்கியது. 2018இல் வெளியான முடிவு முக்கியமானது. எல்லாப் புரதங்களும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியும் ஒரே முறிவுச் சுட்டியும் கொண்டவை. ஆகவே கரும்புள்ளியின் ஆழம் மூலக்கூறின் கனவளவுக்கும், அதனால் அதன் திணிவுக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. திணிவு தெரிந்த சில புரதங்களைக் கொண்டு அளவுகோலை அமைத்துவிட்டால், மற்றவற்றை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பிழையோடு நிறுக்கலாம். ஸ்வெட்பெர்க் மொத்தமாக நிறுத்ததை இப்போது ஒவ்வொன்றாக நிறுத்தார்கள்.

அதே வருடம் இந்த ஒளித்தராசை விற்பதற்கு ஒக்ஸ்போர்ட்டில் ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டது. மரபணுச் சிகிச்சைக்குத் தயாரிக்கப்படும் வைரசு உறைகளில் எவை வெறுமை, எவை மரபணு நிரம்பியவை என்று பிரித்தெண்ணுவது போன்ற தொழில்துறை வேலைகளுக்கு அது இன்று பயன்படுகிறது. பொதுப் பணத்தில் வளர்ந்த அறிவு காப்புரிமையாக மாறும் இந்த வழக்கம் தனியே விவாதிக்க வேண்டியது.

7

இனி என் ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். ஏன் நூறு வருடங்களுக்கு மேல்?

மேதைகளின் வரலாறு இங்கே உதவாது. கடைசிக் கட்டத்தைப் பார்த்தால், சூரிச், ஏர்லாங்கன், ஒக்ஸ்போர்ட் என்று பல கைகள் மாறி வந்த வேலை அது. கமெராச் சில்லுகளைச் செய்தவர்களை இவ்வரலாற்றில் எவரும் குறிப்பிடுவதுகூட இல்லை. சட்டக உடைவு என்ற விளக்கமும் பொருந்தவில்லை. ரேலியின் விதி உடையவில்லை, அபேயின் எல்லையும் இன்றுவரை அப்படியே இருக்கிறது: அடுத்தடுத்து 200 நனோமீற்றருக்குள் ஒரே கணத்தில் இரு புரதங்கள் இறங்கினால் இந்தத் தராசும் குழம்பும். நடந்தது வேறு. புரதத்தின் சமிக்ஞை எப்போதும் அங்கேதான் இருந்தது. ஸிக்மொண்டியின் கண்ணிலும் அது விழுந்திருக்கும். அது இரைச்சலுக்குள் அமிழ்ந்திருந்தது. இரைச்சலைப் பொறுமையாக அளந்து, அதன் காரணங்களைத் தனித்தனியாகப் புரிந்து, கழித்தார்கள்.

இதனால் பெயரிடலைக் குறித்த வாதம் முற்றாகத் தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையாகாது. அடையாளமிடாமல் காணும் இம்முறைக்குத் தன் சொந்தக் குறை உண்டு. அது காண்பது யாரை என்று அதற்குத் தெரியாது. ஒரே திணிவுடைய இரு வேறு புரதங்களை அது ஒன்றாகவே கொள்ளும். தூய்மையாக்கிய, ஐதான கரைசலில் அது திறமையாக வேலை செய்கிறது. ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடிக்கும் உயிருள்ள கலத்துக்குள் அது திணறுகிறது. அங்கே இன்னமும் சாயம்தான் ஆள்கிறது. 2023இல் ஏர்லாங்கன் குழு 10,000 டால்ற்றனுக்கும் குறைந்த புரதங்களைக் கண்டதாக அறிவித்தபோது அதற்கு இயந்திரக் கற்றலின் உதவி தேவைப்பட்டது. எது இரைச்சல், எது மூலக்கூறு என்ற தீர்ப்பின் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். கூனின் வாசகர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வியை எழுப்பலாம்.

மூலக்கூறு தன் அடையாளத்தைத் தானே சொல்லும் வழியும் ஒன்று உண்டு. சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட சிதறலில், ஒளியின் நிறம் மூலக்கூறின் சொந்த அதிர்வுகளுக்கேற்ப மாறுகிறது. வெளியிலிருந்து ஒட்டிய சீட்டு அல்ல, உள்ளிருந்து வரும் குரல். ஆனால் அந்தக் குரல் மிக மெல்லியது. 1997இல் தனி மூலக்கூறில் அதைக் கேட்டபோதும், 2013இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் ஒரு மூலக்கூறின் உட்பகுதிகளையே அதைக்கொண்டு வரைந்தபோதும், பக்கத்தில் ஓர் உலோகப் பரப்போ கூர்முனையோ இருந்து அதைப் பெருக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. இராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் என்று பெருமைப்படுவதோடு நின்றுவிடும் நம் கட்டுரைகள் இந்தத் தொடர்ச்சியையும் சொன்னால் பயன் உண்டு.

அகதிகளான நமக்கு அடையாளச் சீட்டு என்பது உவமை மட்டுமல்ல. விண்ணப்ப இலக்கம், விசா வகை, இயக்கப் பெயர், துரோகி, தியாகி என்று எத்தனையோ சீட்டுகளோடுதான் நாம் பிறரால் பார்க்கப்பட்டோம், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சீட்டு இல்லாதவர் நம் வரலாற்றுப் படத்தில் இல்லை. சீட்டுகளைக் களைந்துவிட்டால் உண்மை தானே தெரியும் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. சீட்டைக் களைந்தால் கிடைப்பது பெயரற்ற ஒரு திணிவு. அதற்குப் பிறகு யார் என்று கேட்கும் வேலை அப்படியே மிஞ்சியிருக்கிறது. ஆனால் பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை என்பவர்களுக்கு இந்த வரலாறு ஒரு பதிலைத் தருகிறது. அங்கே ஒன்று இருக்கிறது, அதற்கு எடை உண்டு, நாம் பெயர் வைப்பதற்கு முன்பும் அது ஒளியில் தலையிட்டுக்கொண்டே இருந்தது.

கட்டுரையில் பயன்படுத்திய கலைச்சொற்கள் பெரும்பாலும் இலங்கைப் பாடநூல்களில் வழங்குபவை. அவற்றில் மாற்றம் வேண்டும் என்று கருதுபவர்களும், கூன் பற்றி நான் சொன்னதோடு உடன்படாதவர்களும் அடுத்த இதழில் எழுதுவார்களென எதிர்பார்க்கிறேன்.